கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிஷம்!

போன இதழில் வாரிசுச் சான்றிதழ் வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒரு கட்டு முழுக்க எங்கள் பக்கத்திலிருந்தே வந்தவை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி! இந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே லாரி ஞாபகம் வந்து விடும் அல்லவா? "எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டறாருங்க. வழியில ஏதாச்சும் ஆயிட்டா நாங்க யார்கிட்டப் போய் நிக்கறது?" என்பதுதான் அநேகமாக எல்லாக் கடிதங்களின் சாரமும்.

சகோதரிகளே, இந்தக் கேள்வியை அபசகுனம் என்று தள்ளி வைக்காதீர்கள். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார். போலீஸ் ஸ்டேஷனுக்கும், முதலாளி வீட்டுக்கும், இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கும் நடப்பது யார்? இடுப்பில் குழந்தையும் கையில் மஞ்சள் பையுமாக நாம்தான் நடக்க வேண்டும். நடக்கிறவளுக்கு வழி தெரிந்திருக்க வேண்டாமா?

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கணவர் பன்னிரண்டு சக்கர லாரியில் சம்பளத்துக்கு ஓட்டிக் கொண்டிருந்தார். நம் பக்கத்து ஜவ்வரிசி மகாராஷ்டிரத்துக்குத்தான் அதிகம் போகும். அங்கே விரத நாட்களில் ஜவ்வரிசிக் கிச்சடிதான் சாப்பாடு. 2023-ம் வருஷம் ஆடி மாசத்தில் அப்படி ஒரு லோடு ஏற்றிக் கொண்டு போனவர், சோலாப்பூருக்கு இந்தப் பக்கம் விடியற்காலையில் எருமை ஒன்று குறுக்கே வர, ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டி சாய்ந்து விட்டது. வலது கால் நசுங்கி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகி விட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பது.

அவரை ஊருக்குக் கொண்டு வந்து இருபது நாள் ஆகியிருக்கும். லாரி முதலாளி வந்தார். அவரைக் கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பகுதி அவர் கொடுத்ததுதான். வண்டிக்கு மாசா மாசம் டியூ கட்டுகிற கஷ்டம் அவருக்கும் உண்டு. ஐம்பதாயிரம் ரூபாயை மேஜை மேல் வைத்தார். கூடவே முத்திரைத் தாள் ஒன்றையும் எடுத்தார். "இத்தோடு எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்து விட்டது, இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று அதில் டைப் அடித்திருந்தது. இவள் பின்கட்டு வழியாக என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"ஏனுங்கக்கா, அம்பதாயிரம் தர்றாருங்க. கையெழுத்துப் போட்டுரச் சொல்லட்டுங்களா? போலீஸ்ல இவரு மேலயே கேஸ் எழுதிட்டாங்க. நம்ம மேல தப்பை வெச்சுக்கிட்டு மேல என்னங்க கேக்கறது?"

"பணத்தை வேண்டாம்னு சொல்லாத கண்ணு. முன்பணமா வாங்கிக்கறமுங்கன்னு சொல்லு. ரசீதும் அப்படியே எழுதிக் குடு. அந்தப் பேப்பர்ல மட்டும் இப்ப கையெழுத்து வேண்டாம். படிச்சுப் பாத்துட்டு சொல்றமுங்கன்னு சொல்லி அனுப்பு" என்றேன்.

முதலாளிக்கு முகம் சுருங்கி விட்டது. "நம்பிக்கை இல்லையாம்மா?" என்று கேட்டு விட்டுப் போனார். மறுநாள் நானும் அவளுமாகக் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்ட உதவி மையத்துக்குப் போனோம். அங்கே வக்கீலம்மா சொன்னதையும், அதன் பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

தப்பு அவர் மேல் என்றால் ஒன்றும் கிடைக்காதா?

கிடைக்கும். எல்லோரும் தவறாக நினைத்துக் கொண்டிருப்பது இங்கேதான்.

வேலை செய்யும்போது, அந்த வேலையின் காரணமாக ஒருவருக்கு அடிபட்டால், வேலை கொடுத்தவர் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 1923-லேயே சட்டம் வந்து விட்டது. அப்போது அதற்குத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் என்று பெயர். 2010-ல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயரை மாற்றினார்கள். 2025 நவம்பர் 21 முதல் இந்த விஷயம் 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஓர் அத்தியாயமாகி விட்டது. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த விபத்துக்குப் பழைய சட்டத்தைப் பார்ப்பார்கள். அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான்.

அந்த அடிப்படை என்ன? விபத்து யார் கவனக் குறைவால் நடந்தது என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. வேலையில் இருந்தாரா, வேலையால் அடிபட்டதா என்று மட்டும்தான் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ஓரத்து மரத்தில் மோதியிருந்தாலும் நஷ்ட ஈடு உண்டு. குடித்து விட்டு ஓட்டியதாலோ, பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியதாலோ அடிபட்டால் முதலாளி மறுக்கலாம். ஆனால் உயிரே போய் விட்டாலும், இனி எந்த வேலையுமே செய்ய முடியாத நிரந்தர ஊனம் ஆகி விட்டாலும் அந்தக் காரணங்களைச் சொல்லிக் கூட மறுக்க முடியாது.

வண்டி ஓடும்போது அடிபட்டால்தான் என்றும் இல்லை. லோடு மேல் ஏறித் தார்பாய் கட்டும்போது வழுக்கி விழுவது, கயிறு அறுந்து அடிப்பது, ஸ்டெப்னி மாற்றும்போது ஜாக்கி நழுவுவது எல்லாம் வேலையில் நேர்கிற விபத்துக்கள்தான். டிரைவர் மட்டுமல்ல, கிளீனரும் மெக்கானிக்கும் கூட இந்தச் சட்டத்தில் வருவார்கள். "இவர் ஆக்டிங் டிரைவர்தானே, மஸ்டரில் பேரே இல்லையே" என்றால் பயப்படாதீர்கள். வேலைக்கு அனுப்பினார் என்று நிரூபித்தால் போதும்.

மாரடைப்பு வந்தால்? டெல்லியிலிருந்து ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டிக் கொண்டு போன ஒரு லாரி டிரைவர், ஜார்க்கண்டில் உடம்பு சரியில்லை என்று வண்டியை ஓரம் கட்டி விட்டு, அங்கேயே சுருண்டு விழுந்து இறந்து போனார். அந்தக் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு உண்டு என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மாரடைப்பு என்றாலே கிடைத்து விடும் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த வேலையின் பளுவால்தான் வந்தது என்று காட்ட வேண்டும். எத்தனை மணி நேரம் ஓட்டினார், இடையில் ஓய்வு கிடைத்ததா என்பதெல்லாம் அப்போது முக்கியம்.

எவ்வளவு கிடைக்கும்?

இதற்கு ஒரு கணக்கு உண்டு. முதலாளி மனசு வைத்துக் கொடுக்கிற தொகை இல்லை இது. மாசச் சம்பளமும் வயசும் தெரிந்தால் நாமே அடுப்படியில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம்.

இறந்து விட்டால் மாசச் சம்பளத்தில் பாதி. முழு ஊனம் என்றால் நூற்றுக்கு அறுபது. அதை வயசுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். இருபத்தைந்து வயசுக்கு 216.91, முப்பதுக்கு 207.98, நாற்பதுக்கு 184.17, ஐம்பதுக்கு 153.09 என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. வயசு ஏற ஏற எண் குறையும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் இந்தக் கணக்குக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. 2020 ஜனவரி 3-ந் தேதி அறிவிப்பின்படி அது மாசம் 15,000 ரூபாய்.

எங்கள் தெருப் பெண்ணின் கணவர் விஷயத்தில் வக்கீலம்மா போட்ட கணக்கைப் பாருங்கள். 15,000-ல் அறுபது சதவீதம் 9,000. அதை 184.17-ஆல் பெருக்கினால் 16,57,530 ரூபாய். இதே வயசுக்காரர் இறந்திருந்தால் 7,500-ஐ 184.17-ஆல் பெருக்க, 13,81,275 ரூபாய். அவர் மேஜை மேல் வைத்தது ஐம்பதாயிரம்! அந்தத் தாளைப் பார்த்தபடி அவள் ஐந்து நிமிஷம் பேசவேயில்லை.

இதோடு வைத்தியத்துக்கு ஆன உண்மையான செலவையும் தனியாகக் கேட்கலாம். முதலாளி ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணத்தை நஷ்ட ஈட்டில் கழித்துக் கொள்ள முடியாது.

எலும்பு முறிந்து சில மாசம் படுக்கை, பிறகு தேறி விடுவார் என்றால், படுத்திருக்கும் காலத்துக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மாசச் சம்பளத்தில் கால் பங்கு வர வேண்டும். இது அதிகபட்சம் ஐந்து வருஷம் வரை உண்டு. மூன்று நாளுக்குள் ஆறி விடுகிற காயத்துக்குக் கிடையாது.

கால் போனால் டிரைவருக்கு எல்லாமே போன மாதிரிதானே?

எந்த உறுப்பு போனால் எத்தனை சதவீத ஊனம் என்று சட்டத்தில் அட்டவணை இருக்கிறது. "கால் முழங்காலுக்குக் கீழேதானே போயிருக்கிறது, அட்டவணைப்படி இவ்வளவுதான்" என்று இன்ஷூரன்ஸ் தரப்பில் வாதிடுவார்கள். எங்கள் பெண்ணின் வழக்கிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆனால் குமாஸ்தாவுக்கு ஒரு கால் போவதும் டிரைவருக்கு ஒரு கால் போவதும் ஒன்றாகுமா? இதை 1975-லேயே சுப்ரீம் கோர்ட் ஒரு தச்சர் வழக்கில் யோசித்திருக்கிறது. இடது கை போன தச்சர் இனித் தச்சு வேலை பார்க்க முடியாது, ஆகவே அது முழு ஊனம் என்று சொன்னது. 2008-ல் ஒரு டேங்கர் லாரி டிரைவர் வழக்கு வந்தது. வலது காலை முழங்கால் வரை எடுத்து விட்டார்கள். ஹைகோர்ட் நஷ்ட ஈட்டைக் குறைத்து விட்டது. சுப்ரீம் கோர்ட் அந்தத் தச்சர் தீர்ப்பையே எடுத்துக் காட்டி, இனி இவரால் டிரைவராக இருக்க முடியாது, ஆகவே நூற்றுக்கு நூறு இழப்பு என்று தீர்ப்பளித்தது.

எங்கள் வக்கீலம்மா இந்தத் தீர்ப்பைத்தான் முன்னே வைத்தார். கனரக வண்டி இனி ஓட்ட முடியாது என்று டாக்டர் வந்து சாட்சி சொன்னார். வழக்கு முடியப் பதினாறு மாசம் ஆயிற்று. முழுத் தொகைக்கும் உத்தரவு ஆயிற்று. அதற்குள் அவள் தாலிக் கொடியைத் தவிர எல்லா நகையும் அடகுக் கடைக்குப் போய் விட்டது. பெரிய பையன் ஒரு வருஷம் படிப்பை விட்டு விட்டுப் பாடி கட்டும் பட்டறைக்குப் போனான். பணம் வந்த பிறகுதான் அவன் மறுபடி பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். அவர் இப்போது ஒரு கோழித் தீவனக் கடையில் கணக்கு எழுதுகிறார். அன்று அந்த முத்திரைத் தாளில் கையெழுத்து விழுந்திருந்தால், அதைத் தூக்கிக் காட்டி வழக்கை இன்னும் எத்தனை வருஷம் இழுத்திருப்பார்களோ!

அந்தக் கையெழுத்து செல்லுமா?

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு விட்ட சகோதரிகள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். நஷ்ட ஈட்டு உரிமையை விட்டுக் கொடுக்கிறேன், குறைத்துக் கொள்கிறேன் என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. சமரசம் பேசித் தொகை முடிவு செய்தால், அதை அதற்குரிய தொழிலாளர் அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை ரொம்பக் குறைவு, ஏமாற்றி வாங்கியது என்று தோன்றினால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம்.

உயிர் போன வழக்கில் இன்னும் கண்டிப்பு உண்டு. முதலாளி பணத்தை நேரே வீட்டில் கொடுத்து விட்டுக் கணக்கு முடிந்தது என்று சொல்ல முடியாது. அந்த அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். மனைவிக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு, தாயாருக்கு இவ்வளவு என்று அவர்தான் பிரித்துக் கொடுப்பார். கொழுந்தனாரோ மாமனாரோ மொத்தமாக வாங்கிக் கொண்டு போய் விட முடியாது. முதலாளி நேரில் கொடுக்கும் முன்பணத்தில் மூன்று மாசச் சம்பளம் வரைதான் கழித்துக் கொள்ளலாம். நம் பெண்களுக்காகவே எழுதி வைத்தது போல இருக்கிறது அல்லவா?

கொடுக்க வேண்டிய பணத்தை ஒரு மாசத்துக்குள் கொடுக்கா விட்டால் வருஷத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி சேரும். தக்க காரணம் இல்லாமல் இழுத்தடித்தால், தொகையில் பாதி வரை அபராதமும் போடலாம். ஆகவே நாள் ஓடுகிறதே என்று பயந்து கிடைத்ததை வாங்கிக் கொண்டு முடித்துக் கொள்ளாதீர்கள்.

பணம் யார் தருவார்?

"எங்க முதலாளிக்கு இருக்கிறதே ஒரே லாரி, அவர் எங்கே போவார் பதினாறு லட்சத்துக்கு?" என்று ஒரு வாசகி இரக்கப்பட்டு எழுதியிருக்கிறார். நல்ல மனசு. ஆனால் ரோட்டில் ஓடும் வண்டிக்குக் கட்டாயம் எடுக்க வேண்டிய இன்ஷூரன்ஸிலேயே, சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்குத் தர வேண்டிய இந்த நஷ்ட ஈடும் அடங்கும். பாலிசி நடப்பில் இருந்தால் அசலும் வட்டியும் அநேகமாக இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் கட்டும். முதலாளியின் பிழைப்பைக் கெடுக்கிறோமோ என்ற சங்கடம் வேண்டாம். பாலிசி காலாவதியாகி இருந்தால்தான் முழுச் சுமையும் அவர் தலையில் விழும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது லைசென்ஸ். கனரக வண்டி லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அது முடிந்து போயிருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதையே பிடித்துக் கொண்டு வாதாடும். வீட்டுக்காரருக்கு மாசத்தில் இருபது நாள் ரோட்டில் போகிறது, அவருக்கு ஞாபகம் இருக்காது. நாம்தான் பால் கணக்குக் குறிக்கும் காலண்டரிலேயே அந்தத் தேதியையும் வட்டம் போட்டு வைக்க வேண்டும்.

சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவர் யாருக்கும் ஊழியர் இல்லை. அவருக்கு இந்த நஷ்ட ஈடு வராது. அவருக்கென்று பாலிசியில் "ஓனர் டிரைவர்" விபத்துக் காப்பீடு தனியாக உண்டு. 2018-ல் அந்தத் தொகையைப் பதினைந்து லட்சமாக உயர்த்தினார்கள். பாலிசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

எதிரே வந்த வண்டி மேல் தப்பு என்றால்?

அப்போது இரண்டு வழி உண்டு. மேலே சொன்ன வழி ஒன்று. மோட்டார் வாகன விபத்து நஷ்ட ஈட்டுக் கோர்ட்டில் எதிர் வண்டி மேல் கேட்பது இன்னொன்று. அந்தக் கோர்ட்டில் 15,000 ரூபாய் வரம்பு கிடையாது. பட்ட வலிக்கும் வேதனைக்கும் கூடக் கேட்கலாம். ஆனால் எதிர் வண்டியின் தவறை நிரூபிக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆகவே வக்கீலைக் கேட்டு, எது லாபம் என்று பார்த்துப் போடுங்கள். இடித்து விட்டு நிற்காமல் போன வண்டி எதென்று தெரியா விட்டால், உயிரிழப்புக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் தரும் அரசுத் திட்டம் 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது.

கெடு ரொம்ப முக்கியம். ஊழியர் நஷ்ட ஈட்டு மனுவுக்கு விபத்து நடந்து இரண்டு வருஷம். வாகன விபத்துக் கோர்ட்டுக்கு ஆறு மாசம் என்று 2022 ஏப்ரலிலிருந்து விதி வந்திருக்கிறது. "அவர் எழுந்து நடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இருந்து விடாதீர்கள்.

எங்கே போவது? யாரைப் பார்ப்பது?

விபத்து நடந்தது மகாராஷ்டிரத்தில், முதலாளி இருப்பது வேறு ஜில்லாவில் என்றாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு உரிய அதிகாரியிடமே மனுக் கொடுக்கலாம். உங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில், "ஊழியர் நஷ்ட ஈட்டு மனுவை எந்த அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டால் சொல்வார்கள்.

வக்கீல் ஃபீசுக்கு என்ன செய்வது? சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் என்று 1987-ல் ஒன்று வந்தது. அதன்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். ஊனமுற்றவர்களுக்கும் அப்படியே. கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று போர்டு இருக்கும். தாலுகாக் கோர்ட்டுகளிலும் குழுக்கள் உண்டு. போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே சிலர் வந்து, "எல்லாம் நான் பாத்துக்கறேம்மா, வர்றதுல பாதி குடு போதும்" என்பார்கள். அவர்களிடம் எந்தக் காகிதத்தையும் கொடுக்காதீர்கள். லோக் அதாலத்தில் சமரசம் பேசக் கூப்பிட்டால் தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே ஒப்புக் கொண்டு விட்டால் மேல் முறையீடு கிடையாது. கணக்குப் போட்ட தாளைக் கையில் வைத்துக் கொண்டு போங்கள்.

முதல் சில நாட்கள் வைத்தியச் செலவுக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் நடக்கும் விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. மத்திய அரசு 2025 மே மாசம் கொண்டு வந்த திட்டத்தில், நாட்டின் எந்த ரோட்டில் விபத்து நடந்தாலும் ஏழு நாள் வரை ஒன்றரை லட்ச ரூபாய்க்குப் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். வண்டி போகும் ஊர்களில் இது உதவும். டிரைவரிடமும் சொல்லி வையுங்கள்.

வீட்டில் இப்போதே செய்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். லாரி நம்பர், முதலாளியின் முழுப் பெயர், விலாசம், போன் நம்பர் ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதுங்கள். வண்டியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் பாலிசி, கணவரின் லைசென்ஸ் மூன்றையும் செல்போனில் படம் பிடித்து வைத்துக் கொள்ளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஒவ்வொரு டிரிப்புக்கும் கிளம்பிய தேதி, என்ன லோடு, எந்த ஊர் என்று ஒரு வரி எழுதுங்கள். சம்பளம் கையில் வாங்குகிறாரா, பேங்கில் வருகிறதா என்றும் குறியுங்கள். வழக்கு என்று வந்தால் "மாசம் எட்டாயிரம்தான் கொடுத்தேன்" என்று சொல்லி விடுகிறவர்கள் உண்டு. பேங்கில் வருகிற சம்பளத்துக்குச் சாட்சி தேவையில்லை. பேட்டாவைச் சம்பளத்தில் சேர்ப்பார்களா என்பது வழக்கைப் பொறுத்தது. எதற்கும் எழுதி வையுங்கள்.

விபத்து என்று சேதி வந்தால், முதலாளிக்கு வாய் வார்த்தையாகச் சொன்னதோடு நிற்காமல், எழுத்தில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் காகிதம், மருந்துக் கடை பில் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல்தான்.

பேங்கில் வருஷத்துக்கு இருபது ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டில் கணவரைச் சேர்த்திருக்கிறீர்களா? விபத்தில் உயிர் போனால் இரண்டு லட்சம். பதினெட்டு வயசிலிருந்து எழுபது வரை சேரலாம். இது நஷ்ட ஈட்டுக்கு மேல் தனியாக வருவது. அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்வதும் நல்லது. இரண்டையும் விபத்துக்கு முன்னால் செய்தால்தான் பலன்.

இதையெல்லாம் அவர் டிரிப் முடிந்து வீட்டில் இருக்கும் நாளில், வயிறாரச் சாப்பிட்டு முடித்து நிதானமாக இருக்கும்போது பேசுங்கள். கிளம்புகிற நேரத்தில் வேண்டாம். "என்ன, என்னை அனுப்பிச்சுடறதுக்கு ரெடி பண்றியா?" என்று கேலி செய்வார். செய்யட்டும். கேலி முடிந்த பிறகு பாலிசியை எடுத்துத் தருவார்.

நஷ்ட ஈட்டுப் பணத்தால் போன கால் திரும்பி வராதுதான். ஆனால் அது யாரும் இரக்கப்பட்டுப் போடுகிற பிச்சை இல்லை. அவர் ஓட்டிய ஒவ்வொரு மைலுக்கும் சேர்ந்து வந்த உரிமை. அதை உரிமையாகவே கேளுங்கள், சகோதரிகளே. கேட்கத் தெரிந்தவள் வீட்டில் பிள்ளைகளின் படிப்பு நிற்காது.

அடுத்த இதழில், பேங்க் லாக்கரிலும் சேமிப்புக் கணக்கிலும் நாமினி பெயர் போடுவது பற்றி எழுதுகிறேன். உங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள்.